இருட்டு ரூமுல பேசுனது

சிரிக்கல ஃபாதர். சிரிக்கலன்னு சொல்ல சொல்லோவே சிரிப்பு வருது பாருங்க, மன்னிச்சிக்கோங்க. காலைலேர்ந்து இப்பிடித்தான் கீது எனுக்கு, நாஸ்தாகூட எறங்கல. இல்ல, ஒக்கார மாட்டேன், ஒக்காந்தா காலு தானா ஆடும். ஆமா, ஞானகுமாரி, முத்தாபுதுப்பேட்டை. அம்பத்தூர் எஸ்டேட்ல மோட்டாருக்குக் காயில் சுத்துற வேல. மாப்ள பேரு ஜேசுராஜ், டேங்க் ஃபேக்டரில ஃபிட்டரா இருந்தாரு. நீங்க புதுசா வந்தவரு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இந்த ஞாயித்துக்கெழம பூசைல எங்க ஓலைய வாசிச்சிருங்க, அவ்ளோதான் நான் கேக்கறது. இன்னாரு இன்னாரக் கட்டிக்கப்போறாங்க, தட எதுனா இருந்தா வந்து சொல்லுங்கன்னு மூணு வாரம் வாசிப்பீங்களே, அதுதான்.

ஓ, அதுக்குள்ள வந்து சொல்லிட்டாங்களா? யாரு, எங்கம்மாதான? எனுக்குத் தெரியும்! ஒரு வாரமா எங்கிட்ட மூச்சு உடல, உங்களாண்ட வந்து கொட்டிட்டுப் போயிருக்குது. இன்னா சொல்லிச்சு, மூளை வியாதின்னா? மூளை கெட்டவன் சுயபுத்தியோட சம்மதம் குடுக்க முடியுமான்னு கேக்கறீங்க. கேளுங்க, நீங்க கேக்க வேண்டியதுதான். அத்தொட்டுதான் இந்தப் படத்தயும் எடுத்தாந்தேன். ஜன்னலாண்ட புடிங்க, வெளிச்சத்துல தெரியும். தலகீழா புடிச்சிகீறீங்க ஃபாதர். ஆங், அப்பிடி. அவரு மண்டைதான் அது. அழகா இல்ல?

வியாதி பேரு மோட்டார் நியூரான். எனுக்குத் தெரிஞ்ச மோட்டாரு, காயில் சுத்தி வார்னிஷ் அடிச்சா மறுபடியும் ஓடும். டாக்டரம்மாவாண்டயும் அப்பிடித்தான் கேட்டேன், காயில் எரிஞ்சிபோச்சா, மாத்த முடியாதான்னு. அந்தம்மா மொதல்ல சிரிச்சாங்க, அப்பால சிரிக்கல. கையி காலு சதைய வேல வாங்குற நரம்பு ஒண்ணொண்ணா செத்துப்போவுதாம். மொதல்ல கைலேர்ந்து ஸ்பேனர் நழுவிச்சு. அப்பால சட்டைக்கிப் பொத்தான் போட முடியல. எங்களுக்கு அப்பவே நிச்சயமாயிருந்துச்சு ஃபாதர். மோதரத்தக் கழட்டி எங்கையில வெச்சிட்டு, வேற நல்ல பையனா பாத்துக்கோன்னாரு மனுசன். நான் உட்டுடுவேனா? நானும் கேட்டுக்கினே கீறேன், அவரும் வேணாம்னு சொல்லிக்கினே இருந்தாரு. பருத்திப்பட்டு ஏரியக்கூட நவுத்திடலாம், அந்தாள நவுத்த முடியாது.

சொல்றேன், படத்துக்குத்தான் வரேன். பட்டணத்துல பெரிய ஆஸ்பத்திரில எடுத்தது. எக்ஸ்ரே மாரி இல்ல. ஊசில மருந்து ஏத்துவாங்க. மூளைல எந்த எடம் முழிச்சிக்கினு வேல செய்யுதோ அது சக்கரைய ஜாஸ்தி எரிக்கும், ரத்தமும் அங்க ஜாஸ்தி ஓடும், மருந்தும் அங்கயே போயி ஒட்டிக்கும். செவப்பா கீதே, அது சுறுசுறுப்பா கீற எடம். நீலம் மந்தமான எடம். அதுக்கு ஊசி போட சொல்லோ இருட்டு ரூமுல கண்ண மூடிக்கினு கம்னு படுத்திருக்கணும். யாரும் பேச்சுக் குடுக்கக்கூடாதுன்னு நர்சு சொல்லிட்டு, ஊசியப் போட்டுட்டு கதவ சாத்திக்கினு போயிட்டாங்க. என்னப் போயி அங்க தொணைக்கி உட்டாங்க பாருங்க, அது அவங்க தப்பு!

என்னால கம்னு இருக்க ஆவுமா? காதாண்ட குனிஞ்சேன். மொதல்ல ஆவடி மார்க்கெட்ல வஞ்சிர மீனு விக்கிற வெலயத்தான் சொன்னேன், சத்தியமா. அப்பால பொறுக்கல. யோவ், என்னக் கட்டிக்கிறியா இல்லியான்னு கேட்டுட்டேன். யோவ்னுதான் கேட்டேன். எத்தினி நாளுன்னு எனுக்கும் தெரியும்யா, டாக்டரம்மா ஒளிக்கல, ரெண்டு வருசமோ மூணு வருசமோ, அத்த உங்கூட இருந்துட்டுப் போறேனேன்னேன். எனுக்கு அவருன்னா உசுரு ஃபாதர். உங்களாண்ட சொல்றதுக்கு இன்னா வெக்கம்.

டாக்டரம்மா படத்தப் பாத்துட்டு, கண்ணாடியத் தொடச்சிப் போட்டுக்கினு மறுபடியும் பாக்கறாங்க. கையி காலு எடம் நீலம், அது எதிர்பாத்ததுதான். காதாண்ட இன்னா இவ்ளோ செவப்பு, யாரு பேசுனது? பின்மண்டைல பார்வைக்கான எடமும் கொதிக்குதே, கண்ண யாரு தொறக்க சொன்னதுன்னு கேட்டாங்க. நாந்தாம்மான்னேன். வாங்குனேன் பாருங்க திட்டு! வேற நாளு மறுபடியும் எடுத்தாங்க, அது நல்லபடியா வந்துச்சு. கெட்டுப்போன படம் உங்களுக்கு இன்னாத்துக்கு, எனுக்குக் குடுத்துருங்கன்னு கெஞ்சி வாங்கியாந்தேன். அதோ அந்தக் காதாண்ட செவப்பு, நான் கேட்டது. பின்னால கீற செவப்பு, அவரு கண்ணத் தொறந்து என்னப் பாத்தது. அன்னிக்கிதான் ஒத்துக்கினாரு. புத்தி எப்பிடி கீதும்மான்னும் கேட்டேன். சோதிச்சிப் பாத்தாச்சு, உனுக்கும் எனுக்கும் கீற மாரியேதான் கீதுன்னாங்க. வேணும்னா இங்க வந்தே சொல்றாங்களாம்.

அவரயே கேக்கணுமா? கேளுங்க, அதுக்குத்தான இட்டாந்துகீறேன். கோயில் கேட்டாண்ட ஆட்டோல கீறாரு, ஆட்டோ ஓட்டுற உத்தமண்ணன் அவரப் புடிச்சிக்கினு கீது. எறங்க முடியாது, நீங்கதான் வரணும். ஒண்ணே ஒண்ணு ஃபாதர். பீடத்துக்கு முன்னால, முழு மனசோட சம்மதிக்கிறியான்னு கேப்பீங்க இல்ல? கண்ணால சொன்னா செல்லுமா? ஆமான்னா மேல தூக்குவாரு, இல்லன்னா மூடிப்பாரு. வாயில பேச்சு போயி அஞ்சு மாசமாச்சு.

வாங்க, இப்பவே கேட்டுப் பாருங்க. நான் அந்தாண்ட திரும்பி நின்னுக்கறேன். எம்மூஞ்சியப் பாத்து எரக்கப்பட்டு ஆமான்னுட்டாருன்னு நாளைக்கி யாரும் சொல்லக்கூடாது.