பழைய ஐம்பது வாங்கும்போது

பழைய லென்ஸ் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கண்ணாடியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். விற்கிறவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

போன மாதம் நீ வந்து, "மாமா, என் மிரர்லெஸ் கேமராவுக்கு மலிவா ஒரு ஐம்பது எம்.எம். லென்ஸ் வேணும். இருட்டுலயும் எடுக்கணும்" என்றபோதே உன்னை உட்காரவைத்து முறையாகச் சொல்லியிருக்கலாம். இன்று இரண்டு படங்களை மேஜைமேல் போட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாய். அதற்கும் வருகிறேன். முதலில் கேட்டதற்குப் பதில்.

துளை அளவில் ஒன்று புள்ளி இரண்டு பக்கம் போகாதே. அது பெயருக்குக் கொடுக்கிற விலை. ஒன்று புள்ளி நான்கு போதும், ஒன்று புள்ளி எட்டு இன்னும் மலிவு, பல நேரம் அதுவே மேல். பின்பக்கமாக டார்ச் அடித்துப் பார். சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை, வைத்துவிட்டு வந்துவிடு. கண்ணாடிமேல் மூச்சு விட்டது மாதிரி மங்கல் இருந்தால் பதறாதே. பெரும்பாலும் அது எண்ணெய் ஆவி படிந்தது, திறந்து துடைத்தால் போய்விடும். விலை குறைக்க அதைவிட நல்ல சாக்கு கிடையாது. முகத்தைச் சுளித்து, லென்ஸைக் கீழே வைத்து, உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து உட்கார். விற்கிறவன் தானாக இறங்கி வருவான்.

நம் வீட்டில் இதெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நம் குடும்பத்துக் குழந்தை பாலுக்கு அழுதால்கூட பாதியில் நிறுத்தி, எதிராளி என்ன சொல்கிறான் என்று பார்க்கும். உன் அப்பா அப்படிப்பட்ட வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். நாடக மேடையைப் படம் எடுக்கிறவர். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போகிற ஜாதி.

போன மாதம் நீ என்னிடமிருந்து எடுத்துப்போன அந்த லென்ஸை அவருக்கு விற்றது நான்தான். மங்கலாக இருந்தது. உள்கண்ணாடியே அரித்துப்போயிற்று என்று நினைத்து, அடிமாட்டு விலைக்கு அவர் தலையில் கட்டினேன். அவர் வீட்டுக்குப் போய்த் திறந்து, பஞ்சால் ஒரே துடைப்பு. மங்கல் போய்விட்டது. உள்ளே இருந்தது, என் கடைக்கு வந்ததிலேயே நல்ல கண்ணாடி. டார்ச் அடித்துப் பார்க்காமல் விற்றிருக்கிறேன். உனக்குச் சொன்ன முதல் பாடத்தில் நானே தோற்றேன்.

அந்த வாரம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். உன் அப்பா சிரித்துக்கொண்டே, "மச்சான், கடையில வேற குப்பை ஏதாச்சும் கெடக்குதா? நல்ல குப்பையா பாத்து எடுத்து வைங்க" என்றார்.

உன் மற்ற மாமாக்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். உன் அம்மா, "எங்க அண்ணனையே ஏமாத்தின முதல் ஆளு நீங்கதான்" என்றாள். நானும் சிரித்தேன். எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் மனதில் ஒன்றும் இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்திருந்தும், வாயில் சோறு மண்ணாகப் போயிற்று.

பிறகு ஒரு நாள், லென்ஸின் ஃபோகஸ் வளையம் இறுகிவிட்டது, மசகு மாற்றித் தரமுடியுமா என்று கொண்டுவந்தார். மாற்றினேன். திரும்பப் பூட்டும்போது உள்ளே இருந்த ஒரு பித்தளை வளையத்தைப் போடவில்லை. காகிதக் கனம்தான் இருக்கும். கண்ணாடிக் கூட்டை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பது அதன் வேலை. மறந்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்லலாம். இரண்டு படங்களையும் பார்த்த பிறகு நீ நம்பமாட்டாய்.

அவருடைய கேமரா எப்படி வேலை செய்யும் என்று உனக்குத் தெரியும். உன்னுடையது லென்ஸ் வழியாகவே பார்க்கிறது. லென்ஸ் தப்பாக இருந்தால் பார்க்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும். அவருடையது ரேஞ்ச்ஃபைண்டர், அதில் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் விழுகிற கண்ணாடி வேறு. ஜன்னலில் இரண்டு உருவத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் ஃபோகஸ் சரி என்று நம்பி அழுத்த வேண்டும். வளையம் இல்லாவிட்டால் ஜன்னல் சரி என்று சொல்லும், படம் இல்லை என்று சொல்லும். வெயிலில், துளையைச் சுருக்கி எடுத்தால் அதுவும் தெரியாது. மேடை வெளிச்சத்தில், முழுக்கத் திறந்து எடுக்கும்போது மட்டும்தான் தெரியும்.

ஒரு மனிதனுக்கு வெயிலில் எடுப்பது தெளிவாகவும், மங்கிய வெளிச்சத்தில் எடுப்பது மங்கலாகவும் வந்தால் யாரைச் சந்தேகிப்பான்? தன் கண்ணைத்தான்.

படங்களை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். நடிகரின் முகம் கரைந்திருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் திரைச்சீலையின் மடிப்பு கத்தி மாதிரி இருந்தது.

"மச்சான், எப்பவும் பின்னாலயே போய் விழுது. லென்ஸ்ல ஏதாச்சும் இருக்குமோ?"

அவர் கேட்டது சரியான கேள்வி. அந்த நேரத்தில் உண்மை மேஜைமேல், நீ இப்போது படங்களை வைத்திருக்கிற அதே இடத்தில் இருந்தது. நான் லென்ஸை வாங்கி, அவர் கேமராவிலேயே மாட்டி, அவரையே படம் எடுத்தேன். ஜன்னலில் உருவங்களைச் சேர்த்துவிட்டு, பின்னால் போய் விழுகிற ஃபோகஸ் அவர் முகத்திலேயே விழும்படி, அழுத்துவதற்கு முன் உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தேன். விலை படியாதபோது சாய்வோமே, அந்த அளவுதான். கழுவி வந்த படத்தில் அவருடைய இமை முடியை எண்ணலாம்.

"லென்ஸ் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை" என்றேன். "வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல."

அந்தப் படத்தை அவர் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடிக்காமல் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார். உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அதுதான். நல்ல படம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதன் கீழே என்னால் உட்கார முடிவதில்லை. நான் வந்தால் ஏன் எப்போதும் எதிர்ப்பக்க நாற்காலியில் உட்காருகிறேன் என்று சின்ன வயதில் நீ ஒருமுறை கேட்டாய். மின்விசிறி என்றேன்.

நான் எதிர்பார்த்தது இவ்வளவுதான்: கொஞ்ச நாள் அலைவார், சலிப்பார், லென்ஸை என்னிடமே திருப்பி விற்பார், நான் வாங்கின விலையை அடுத்த சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும் சொல்வேன். அத்தனை பேரும் மேஜையைத் தட்டுவார்கள். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அவர் விற்கவில்லை. கண் டாக்டரிடம் போனார். டாக்டர் பார்த்துவிட்டு, வலது கண்ணில் லேசாகப் புரை ஆரம்பம், இந்த வயதில் எல்லோருக்கும் இருப்பதுதான், இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றிருக்கிறார். அதையும் என்னிடம்தான் வந்து சொன்னார். "அப்போ ஏன் மச்சான் எனக்கு இப்படி?" என்றார். நாடகக் குழு வேறு ஆளைக் கூப்பிட்டிருந்தது. நான் இன்னொரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னேன். கேட்டால் ஆபரேஷன் செய்துவிடுகிற இடம். கேட்கத் துணைக்கு நானே போனேன்.

போகிற வழியில் டாக்ஸியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நீங்க மட்டும் இல்லேன்னா பயந்தே திரும்பியிருப்பேன் மச்சான்" என்றார். முன் சீட்டில் உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொல்வதற்கு வாய் திறந்தேன். டிரைவர் தெரியாத ஆள், அவன் முன்னால் எப்படி என்று மூடிக்கொண்டேன். அது ஒரு காரணமா என்று நீ கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. அதன்பிறகு சீழ் பிடித்தது. வலது கண் போயிற்று. அவர் ஜன்னலில் வைத்துப் பார்க்கிற கண். இது யார் தவறும் இல்லை, ஆயிரத்தில் ஒருவருக்கு நடப்பதுதான் என்று டாக்டர் சொன்னபோது, அந்த அறையில் முதலில் தலையாட்டினது நான்.

அதற்குப் பிறகுதான் அவர் லென்ஸை என்னிடம் கொடுத்தார். விற்கவில்லை, சும்மா கொடுத்தார். "உங்க கடையில இருந்து வந்தது, உங்ககிட்டயே இருக்கட்டும்." கேமராவை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் நான் எதையும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

போன மாதம் அலமாரியில் அதைப் பார்த்துவிட்டு, "அப்பாவோட லென்ஸ்தானே மாமா, ரெண்டு நாள் போட்டுப் பாத்துட்டுத் தரேன்" என்றாய். கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை. உன் கேமராவில் அடாப்டர் வைத்து மாட்டினால் குறை தெரியாது என்று கணக்குப் போட்டேன், தெரியவும் இல்லை. இதோ, உன் படம் கத்தி மாதிரி இருக்கிறது. அதைக் கொண்டுபோய் அப்பாவின் பழைய கேமராவிலும் மாட்டி, ஃபிலிம் வாங்கிப் போடுவாய் என்று நினைக்கவில்லை. இந்தக் காலத்தில் ஃபிலிம் யார் வாங்குகிறார்கள்? இதோ அந்தப் படம். அப்பாவின் முகம் கரைந்திருக்கிறது. பின்னால் சுவரில், அதே கூடத்தில், நான் எடுத்த படம் அத்தனை தெளிவாக இருக்கிறது.

உனக்கு இன்னும் இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவர் கண்ணிலும் படத்தைக் கெடுக்கிற குறை இருந்ததில்லை. மிச்சமிருக்கிற இடது கண்ணால் மாத்திரை அட்டையின் பொடி எழுத்தை அவர் இன்றைக்கும் கண்ணாடி போடாமல் படிக்கிறார். படிக்கும்போது நான் பக்கத்தில் இருந்தால் வெளியே போய்விடுவேன்.

உன் அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீதான் முடிவு செய்யவேண்டும். சொல் என்றோ சொல்லாதே என்றோ கேட்க எனக்கு வாயில்லை. நான் அவர் கண்ணை எடுத்தேன். சிரித்ததற்காக எடுத்தேன். இதைவிட மரியாதையாகச் சொல்லத் தெரியவில்லை.

லென்ஸை நீயே வைத்துக்கொள். வளையம் என்னிடம்தான் இருக்கிறது. இந்த ஃபிலிம் டப்பாவில், பஞ்சு சுற்றி, கறுக்காமல் வைத்திருக்கிறேன். இப்படிக் கொடு, ஒரு நிமிடத்தில் நானே பூட்டித் தருகிறேன். வெளியே வேறு யாரிடமும் கொடுத்துவிடாதே அம்மா, நம்பிக் கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள்.