கழுவிக் கொடுத்த வண்டி

இஞ்சின் கழுவக் காலை நேரம்தான் நல்லது சார். வண்டி ஆறிக் கிடக்கும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். தண்ணீர் படாமல் ஆல்டர்னேட்டருக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் பாலித்தீன் கவர் கட்ட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தாலே போதும். பைப்பைத் திறந்து அடிக்கக் கூடாது.

அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். கார் என் மனைவி கிருபாவதியுடையது. ஐம்பது தாண்டித்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முந்தின நாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "கருமத்தம்பட்டியில நம்ம கிளாடிஸ் ஊட்டுலயே இருந்துக்கறேனுங்க. இனி இங்க வரமாட்டேன்."

மகள் வீடுதானே என்று நான் சத்தம் போடவில்லை. தூரம் போகிற வண்டி, கழுவித் தருகிறேன் என்றேன். அவளுக்கு ஆச்சரியம். டீ போட்டுக் கொடுத்தாள்.

துடைத்து முடித்து, ஒயரை மாட்டிய பிறகு, ஃபியூஸ் பெட்டியின் கவரைப் பிரித்தேன். மூடியைத் திறந்து ஒரு சொம்புத் தண்ணீரை உள்ளே ஊற்றி மூடினேன். ஸ்டார்ட் ஆகாது, இருந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். கேட்டைத் திறந்துவிட்டேன்.

அவிநாசி ரோட்டில் ஒரு பாலத்து இறக்கத்தில் வண்டி நின்றது. பின்னால் வந்த லாரி மோதியது. லாரிக்காரர் மேல் தப்பில்லை, அவரை விட்டுவிடுங்கள்.

கல்லறைத் தோட்டத்தில் கிளாடிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அப்பா, நீங்க தனியா இருக்க வேண்டாம். எங்ககூட வந்துருங்க" என்றாள். மூடியைத் திறந்த அதே கை. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது சார். வண்டி நின்றதும் அவள் எனக்குத்தான் போன் செய்தாள்.

"ஏனுங்க, வண்டி நின்னுபோச்சுங்க. சிக்னல் லைட்டும் எரிய மாட்டேங்குது. பின்னாடி லாரிக வேகமா வருதுங்க. எறங்கி ஓரமா நிக்கட்டுங்களா?"

ஈரம் உள்ளே போனால் லைட் எரியாது என்று எனக்குத் தெரியும்.

"உள்ளயே இரு" என்றேன். "இனி எங்கயும் போகமாட்டேன்னு சொல்லு. உடனே வாரேன்."

அவள் பேசவில்லை. நானும் பேசாமல் காத்திருந்தேன். அப்புறம் ஹாரன் சத்தம் கேட்டது.

அவள் மறுக்கவில்லை, யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். இன்னும் கொஞ்சம் நேரம் கிடைத்திருந்தால் சரியென்றுதான் சொல்லியிருப்பாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.