பலவேசம் அழிச்ச காலடி

மச்சான், காலை நீட்டிச் சௌகரியமா உக்காந்துக்கிடும். இந்த மணலுக்கு அடிமணல்னு எப்படிப் பேரு வந்துச்சுன்னு கேட்டீரே, சொல்லுதேன். நான் கண்டதில்ல, கேட்டதுதான். கேட்டதுலயும் பாதியை நான் நம்பல.

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முந்தி, இந்தச் செம்மணல் தேரிக்காட்டுக்கு ரோடே வராத காலத்துல, நம்ம உடங்காட்டுவிளையில பலவேசம்னு ஒரு பனையேறி இருந்தானாம். அவனுக்கு யாரைக் கண்டாலும் சந்தேகம். குடத்துத் தண்ணியில தெரியுத தன் மூஞ்சியையே, "எதுக்குல என்னைப் பாக்க?"ன்னு கேப்பானாம். குழம்புல உப்புக் கூடினா, "எனக்கு ஊத்தினதுல மட்டும் ஏன் கூடுது?"ன்னு பொண்டாட்டி தங்கக்கனிகிட்ட மல்லுக்கு நிப்பானாம்.

அந்தப் பலவேசம் ஒருநா பனையிலருந்து விழுந்தான். விழுந்தவனுக்குத் தொடை எலும்பு முறிஞ்சு போச்சு. தூக்கிட்டுப் போனாங்க வண்டிமலைச்சி வீட்டுக்கு. யாரு மலைச்சி? எலும்பு கட்டுதவ. சுத்துப்பட்டுல யாருக்குக் கை ஒடிஞ்சாலும் கால் ஒடிஞ்சாலும் அவதான் இழுத்துப் பொருத்துவா. உளுந்தமாவும் முட்டை வெள்ளையும் குழைச்சுப் பூசி, மூங்கில் தப்பை வச்சுக் கட்டுவா. பலவேசத்துக்கும் கட்டினா. எலும்பு கூடிச்சு. கட்டைப் பிரிச்சா.

அந்தக் காலத்துல ஒரு வழக்கம் இருந்துச்சாம். கட்டுப் பிரிச்சவன் கூலியா ஒரு கோழியைக் குடுத்துட்டு, அந்த வீட்டைத் திரும்பிப் பாக்காமப் போயிரணும். மறுபடி அந்த வாசப்படியை மிதிச்சா மறுபடி எலும்பு முறியும்னு பயம். மலைச்சி எதுக்க வந்தாலே ஒதுங்கிப் போவாங்க. தெருவுக்குள்ள வந்தா, "இங்க ஏன் வார, யாரு எலும்பு முறியணும்?"னு விரட்டுவாங்க. அப்ப, கட்டின எலும்பு நல்லாக் கூடிச்சா இல்லையான்னு அவளுக்கு யாரு சொல்லுவா? ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.

பலவேசமும் திரும்பிப் பாக்காமத்தான் நடந்தான். நடக்கதுக்குக் குறைச்சல் இல்ல. மரத்துல ஏறப் போனாத்தான் முழங்கால் முட்டு மடங்க மாட்டேங்கு. பனையேறிக்கு முட்டு மடங்கலன்னா வீட்டுல அடுப்பு எரியுமா? அவன் வெளிய மூச்சு விடல. பொண்டாட்டிகிட்டயும் சொல்லல. குட்டைப் பனையாப் பாத்துப் பாத்து ஏறினான்.

"நெட்டைப் பனைக்கு ஏன் போவல?"ன்னு தங்கக்கனி கேட்டா.

"அதுல பதனி புளிக்கு."

கலயத்துல சுண்ணாம்பு இல்லன்னாப் பதனி புளிக்கும், மரத்தைப் பாத்தா புளிக்கும்! பனையேறி பொண்டாட்டிகிட்டயே சொல்லுதான் பாரும். அவளுக்கும் சந்தேகம் விழுந்துச்சு.

ஒருநா வெயில் ஏறுத நேரம். பலவேசம் திரும்பிப் பாக்கான், அவன் நடந்து வந்த தடத்துல மலைச்சி குத்தவச்சிருக்கா. அவன் காலடிக்குள்ள அவ கை கிடக்கு. பலவேசம் அங்கனயே முடிவு கட்டிட்டான்: "காலடி மண்ணு எடுக்கா! எனக்குச் செய்வினை வைக்கா! அதான் முட்டு மடங்கல!" பாத்தீரா மச்சான், எல்லாம் எப்படிப் பொருந்துதுன்னு? சந்தேகப்படுதவனுக்கு எதுதான் பொருந்தாது.

மறுநாள்லருந்து இடுப்புல ஒரு பனையோலையைக் கட்டி இழுத்துட்டே நடந்தானாம். கால் போடுத தடத்தை ஓலை அழிச்சுட்டே வரும்.

"எலேய் பலவேசம், வால் முளைச்சிருக்கோ?"ன்னு ஊரே சிரிச்சுது. அவன் சங்கதியைச் சொன்னான். சிரிச்ச வாய் மூடிச்சு. "என் தடத்துக்கிட்டயும் குனிஞ்சு நின்னாளே"ன்னான் ஒருத்தன். "என் வாசல்லயும் நின்னா"ன்னா ஒருத்தி. பாத்தா, எல்லாம் அவகிட்டக் கட்டுப் போட்டவங்க. பிறகென்ன, ஊருல பாதிப்பேரு ஓலையை இழுத்துட்டுத் திரிஞ்சாங்களாம். இதை நான் நம்பல. எங்கய்யா சத்தியம் பண்ணுவாரு.

மலைச்சியைக் கையும் களவுமாப் பிடிச்சு ஊரைவிட்டு விரட்டணும்னு பேசி முடிச்சாங்க. பலவேசம் ஓலை இல்லாம நடந்து தடத்தைப் போட்டுட்டு, உடைமரத்துக்குப் பின்னால மறைஞ்சுகிட்டான். ஊரும் மறைஞ்சுகிச்சு. மலைச்சி வந்தா. குனிஞ்சா. பலவேசம் பாய்ஞ்சு மணிக்கட்டைப் பிடிச்சான்.

"கையை விரிட்டி!"

விரிச்சா. மண்ணு இல்ல. ஓலை ஈர்க்கு ஒண்ணு. அதுல நகத்தால கீறின கீறல்.

"என்னட்டி இது?"

"உன் நடைய்யா. வலங்கால் எட்டி வைக்கது இம்புட்டு. இடங்கால் எட்டி வைக்கது இம்புட்டு. ரெண்டும் ஒண்ணா இல்ல. இடங்காலை மடக்காம வீசி வைக்க, மணல்ல இழுத்த கோடு கிடக்கு. உனக்கு முட்டு மடங்கல. ஆமாவா, இல்லையா?"

ஊரு பாத்துட்டு நிக்கி. தங்கக்கனியும் நிக்கா. பலவேசத்துக்கு மானம் போச்சு. "நீதானட்டி செஞ்ச!"ன்னு கத்தினான்.

"நாந்தான்"னா மலைச்சி. "முறிஞ்சது தொடை. நான் முழங்காலையும் சேத்துல்லா அசையாமக் கட்டிப் போட்டுட்டேன். எலும்பு கூடிச்சு, முட்டு இறுகிச்சு. எங்காத்தா அப்படித்தான் கட்டினா, நானும் எல்லாருக்கும் அப்படித்தான் கட்டினேன். ஒருத்தராவது வந்து, 'மலைச்சி, மடங்கலட்டி'ன்னு சொன்னீங்களா? நல்லாருக்கீங்கன்னுல்லா நான் நினைச்சேன்! வாசலுக்கு வந்தா விரட்டுதீங்க. பின்ன நான் மண்ணைப் பாக்காம எதைப் பாக்க?"ன்னு அழுதுட்டாளாம்.

கூட்டத்துல ஒருத்தன் மெதுவாக் கையை நீட்டினான். முழங்கை பாதிக்கு மேல நீளல. அவன் பக்கத்துல ஒருத்தி மணிக்கட்டைக் காட்டினா. எல்லாரும் மறைச்சிருக்காங்க.

பலவேசத்துக்கு அப்பவும் சந்தேகம் தீரல. "இனி மடங்குமா?"ன்னு கேட்டான்.

"தெரியலய்யா. எண்ணெய் காய்ச்சி ஒத்தடம் குடுத்துக் கொஞ்சங்கொஞ்சமா மடக்கணும். வலியில உசிரு போவும். எங்க வலிக்குன்னு நீ மறைக்காமச் சொல்லணும். என் வீட்டுக்குத் திரும்பி வரணும்."

திரும்பிப் போறதா? அந்தப் படியை மிதிக்கதா? பலவேசம் நின்ன இடத்துலயே நின்னான். தங்கக்கனி வந்தா. உடைமரத்தடியில அவன் அவுத்து வச்சிருந்த ஓலையைத் தூக்கித் தூர எறிஞ்சா. "இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல்லா நடந்திருக்க. இனிமே எனக்குத் தெரிய நட"ன்னா. அவன் நடந்தான். மலைச்சி வாசப்படியைத் திரும்ப மிதிச்ச முதல் ஆளு அவன்தான்.

முட்டு முழுசா மடங்கிச்சும்பாங்க. நான் நம்பல. முக்கால்வாசி மடங்கியிருக்கும். ஆனா நெட்டைப் பனை ஏறினான். தங்கக்கனி கீழ நின்னு, அவன் இறங்குத வரைக்கும் அண்ணாந்து பாத்துட்டே இருந்தாளாம். அதை மட்டும் நான் நம்புதேன்.

மலைச்சியும் பிறகு மூட்டுகளை அசையாமக் கட்டல, முறிவு கூடக் கூட இளக்கி விட்டா. தடத்தை அழிச்ச ஓலையை வச்சே இந்த மணலைப் பெருக்கிவிட்டு, கட்டுப் பிரிச்சவங்களை நடக்கச் சொல்லிக் காலடியைப் பாத்தா. அதான் அடிமணல்னு பேரு. அவ செத்துப்போன பிறகு, இந்தா நிக்கே, இந்தக் கல்லை அவ நினைவா நட்டாங்க. இன்னைக்கும் டவுன் ஆஸ்பத்திரியில கம்பி வச்சவனும், மூட்டு மாத்தினவனும் இங்க வந்து நடக்கணும். கோழி கிடையாது, பொங்கல் கிடையாது. வலிச்சா வலிக்குன்னு வாயால சொல்லணும். சொல்லிட்டு, கட்டினவங்ககிட்டத் திரும்பிப் போவணும். அதான் மலைச்சிக்குப் படையல்.

கதை அம்புட்டுத்தான். மணலைப் பெருக்க ஓலையை எடுத்தாரேன், இரும். உக்காந்ததுலருந்து அந்தக் காலை நீரு ஒருதடவைகூட மடக்கல மச்சான். ஆப்பரேசன் பண்ணி எல்லாம் நல்லாருக்குன்னு ஊரெல்லாம் சொல்லுதீரு. டாக்டர் வரச் சொன்ன தேதிக்குப் போவலன்னு எந்தங்கச்சி சொல்லுதா.

எந்திரியும். அவளும் அந்தா மணல் ஓரத்துலதான் நிக்கா. நடந்து காட்டும்.