மெஷின் டிராயரு

ஜெர்மனிக்குப் போற தபாலுதான் அண்ணாச்சி. பாத்து, பிரிச்சிராதீக. காலேஜுல சீல் வச்சுக் குடுத்த கவரு, சீலு ஒடஞ்சா அங்க செல்லாதாம். உள்ளயா? எந்தங்கச்சி ஜெகதீஸ்வரி நர்சு படிச்ச மார்க்கு. அனுப்புறவ பேரு மாரிக்கனி, பாலவனத்தம்னு போடுங்க.

அவ கல்யாணமாகி அங்கிட்டுப் போயி ரெண்டு வருசமாச்சு. இங்க ஊசி போட்டவ, அங்க ஓட்டல்ல தட்டு கழுவுறா. பாவந்தான். ஆனா மொதத் தடவ போன்ல சொன்னப்ப, சேலையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். பொய் சொல்லல.

பொறகு என்னன்னா, கல்யாணம் பண்ணி வந்த பொம்பளைகளுக்குன்னே அந்த ஊருல ஒரு ஆபீஸ் இருக்காம். உக்கார வச்சு, காப்பியக் குடுத்து, உங்க ஊருல என்ன வேல பாத்த, இங்க என்ன பாக்க ஆசன்னு கேக்காகளாம். பாசையும் படிச்சுக் குடுத்து, ஆசுபத்திரியில பயிற்சிக்கு எடமும் புடிச்சுத் தந்துட்டாக. இந்தக் காயிதம் போனா மறுபடி நர்சு.

ஏன், நானுந்தான் கல்யாணம் பண்ணி வந்தேன். திருச்சுழில இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி. என்னைய யாரு கேட்டாக? அங்க நான் டெய்லரு அண்ணாச்சி. பள்ளிக்கூடத்து டீச்சருமாரு அம்புட்டுப் பேருக்கும் எங்கையாலதான் ஜாக்கெட்டு. எந்தங்கச்சி காலேஜு படிச்சதே நான் தையல் மெஷின மிதிச்ச மிதியிலதான். சீரோட சீரா மெஷினும் வந்துச்சு. எங்க மாமியா பாத்தாக. நம்ம வீட்டு மருமக ஊராளுக்கெல்லாம் அளவெடுக்கவான்னாக. முடிஞ்சுபோச்சு. பதினோரு வருசமா அதுமேல டிவி நிக்கிது.

இதெல்லாம் தெரிஞ்சும் அவ சொல்றா: அக்கா, இங்க ஒருத்தி தைக்கத் தெரியும்னு சொன்னா, கடையே வச்சுக் குடுத்துட்டாகன்னு. எங்கிட்டயா அதச் சொல்லணும்? அன்னைக்கு எனக்கு வயிறு எரிஞ்ச எரிச்சல்ல சோறு எறங்கல.

வாராவாரம் போனு. காலேஜுல குடுத்துட்டாகளாக்கா? அலையுறேன்டி, இன்னைக்கு வா நாளைக்கு வாங்காகடின்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். நேத்து என்ன சொல்றா தெரியுமா? போதும்க்கா, வெயில்ல அலையாத. ஐப்பசி முடிஞ்சா எடம் போயிரும், போனாப் போகட்டும். தட்டு கழுவுறதும் வேலதானக்கா. அழுதிருந்தாக்கூட வைஞ்சிருப்பேன். அழுகல.

எத்தன நாளாகும்? அஞ்சு நாளா? அப்பச் சரி, எடம் தப்பாது. சீலக் குத்துங்க அண்ணாச்சி.

அந்தக் கறையா? தொடைக்காதீக, போகாது. மெஷினுக்குப் போடுற எண்ண. ஓடாட்டியும் மாசத்துக்கொருக்கா போட்டுத்தான் வைக்கிறேன். காலேஜுல மாசியிலயே கைல குடுத்துட்டாக, மெஷின் டிராயர்லதான் கெடந்துச்சு. எங்க வீட்டுல அத யாரு தொறக்கப் போறா?