எருக்குழி வரைக்கும்

ஊரடங்கின்போது, திண்டிவனத்தை அடுத்த ஒரு ரேஷன் கடையில் சுண்ணாம்பு வட்டத்துக்கு ஒருவராக வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். முதலில் நின்றவள் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு தெனம் காலையில மல்லாட்டைக் கொல்லையைத் தாண்டி எருக்குழி வரைக்கும் நடந்து போய் மோந்து பாத்துட்டு வர்றாருக்கா."

"எதுக்குடி?"

"நாத்தம் தெரியலன்னா கொரோனாவாம். தெரிஞ்சாதான் வந்து கஞ்சி குடிப்பாரு."

"இன்னிக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதாம். மூக்கைப் பொத்திக்கினு சிரிச்சாரு. தொணைக்கு நானும் போயிருந்தேன்."

அவள் கையிலிருந்த பையை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"எனக்குத்தான் ஒண்ணுமே தெரியலக்கா."

அக்கா பின்னால் நகர்ந்து என் வட்டத்துக்குள் வந்து நின்றாள்.