மேரி வித் மீ

கிள்ளான் வழியாகப் போகும் கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது.

"'வில் யூ மேரி வித் மீ'ன்னு கேட்டாரு, சரோ."

"யாரு பாக்கியம், நம்ம இங்கிலீஷ் கிளாஸ் குமரனா?"

"அவரேதான். மனைவி தவறிட்டாங்க."

பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரொட்டி சானாய் கடைக்கு மேலே, வேலை முடிந்த மாலைகளில், இளவயதில் மூவரும் ஒன்றாகப் படித்தார்களாம்.

"மேரிக்குப் பின்னால வித் வராதுன்னு டீச்சர் எத்தனை தடவை திருத்துனாங்க" என்றாள் சரோ. "வெயிட்டிங் ஃபார் யூன்னு சொல்லணும்னா, அங்க ஃபாரை விட்டுடுவாரு."

"கீழேயிருந்து கறி வாசம் வரும், ஞாபகம் இருக்கா?"

"ரொட்டி வாங்கிட்டு வருவாரே. உனக்கு மட்டும் ரெண்டு. அப்பவே கேட்டிருக்கலாம் லா."

"இங்கிலீஷ் நல்லா வந்தப்புறம் கேக்கலாம்னு இருந்தாராம். அதுக்குள்ள அவங்க வீட்டுல பொண்ணு பாத்துட்டாங்க. நான் அம்மாவப் பாத்துக்கிட்டு அப்படியே இருந்துட்டேன்."

சரோ அவள் பக்கம் திரும்பினாள். "இப்ப திருத்துனியா?"

"இல்ல. கூடவே இருக்கியான்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்."

"என்ன பதில் சொன்ன?"

"இன்னிக்கு நேர்ல சொல்றேன்னு சொன்னேன்."

கிள்ளானில் இருவரும் இறங்கினார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். சரோ அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டாள்.

பாக்கியம்தான் முதலில் பேசினாள். ரயில் கதவு மூடிவிட்டதால் எனக்குக் கேட்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.