மாப்பிள்ளை வரைந்த ஜாயிண்ட்

சோறு சூடாக இருந்தால் போதும், வேறு எதிலும் நான் குறை சொல்கிற ஆள் இல்லை. தங்கச்சி வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. முன்பெல்லாம் முதல் தட்டு எனக்கு வைப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைக்கு வைத்தாள். அது நியாயம்தான்.

அவருக்கு எங்கள் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். பிளாஸ்டிக் பாகங்களை மெஷினில் அதிரவைத்து, உருக்கி ஒட்டுகிற கம்பெனி. எதற்கு எந்த ஜாயிண்ட் என்று முடிவு செய்வது என் வேலை. கார் பெட்ரோல் ஃபில்டரை மட்டும் முதலாளி மாப்பிள்ளையிடம் கொடுத்தார். மாப்பிள்ளை மூடியின் விளிம்பில் மெல்லிய வரப்பு வைத்து வரைந்தார். அது உருகிப் பரவி இரண்டு பாகத்தையும் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்த மாதிரிகள் அழகாக ஒட்டின. முதலாளி அவர் முதுகில் தட்டினார்.

"நீகூட இவ்ளோ சீக்கிரம் முடிச்சதில்லையேண்ணா," என்றாள் தங்கச்சி. விளையாட்டாகத்தான். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தப் பிளாஸ்டிக் பெட்ரோலுக்குத் தாங்காது என்று பிறகு நைலானுக்கு மாறினோம். நைலானில் வரப்பு பரவுவதற்குள் இறுகிவிடும். ஒட்டியதுபோலவே இருக்கும், சோதனையிலும் தேறும். சூடேறி ஆறினால் வாய் பிளந்துவிடும். நைலானுக்கு ஒரு சுவர் இன்னொன்றுக்குள் உரசிக்கொண்டு இறங்குகிற ஜாயிண்ட் வேண்டும்.

மாப்பிள்ளை கேட்கத்தான் செய்தார்.

"மச்சான், நைலானுக்கும் இதே ஜாயிண்ட் போதுமா? நீங்க சொன்னா சரி."

"தாராளமா போதும் மாப்ள. அப்படியே விடுங்க."

அவர் போனதும் நைலானில் செய்த மாதிரி ஒன்றைச் சூடாக்கி, ஆறவைத்து, பெட்ரோல் ஊற்றிப் பார்த்தேன். கசிந்தது. மேசையைத் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். நாலு பேர் முன்னால் அவர் தலைகுனியட்டும் என்றுதான் நினைத்தேன், வேறொன்றும் இல்லை.

முதல் ஃபில்டரை மாப்பிள்ளை பெருமையாகத் தன் காரிலேயே மாட்டினார். இன்ஜினை ஒட்டிய இடம். அங்கே எவ்வளவு சூடு என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கிளம்பினார்கள். தங்கச்சி கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாண்ணா. முன்சீட் உனக்குத்தான், நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

தலைவலி என்றேன். உள்ளே ஓடி, மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் ஏறினாள்.

எரிந்த காரின் போட்டோவை இதற்கு மேல் காட்ட வேண்டாம் சார். தங்கச்சிமேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்குத் தலைவலி இல்லை.